அமெரிக்க உள்நாட்டுப் போர்: கடல் இருந்தும் தென் மாநிலங்களில் உப்புப் பஞ்சம் ஏன்?

கேள்வி:
1861–65 போர்க்காலத்துத் தென் மாநிலக் குடும்பங்களைப் பற்றி எதைப் படித்தாலும் உப்புத் தட்டுப்பாடு வந்துவிடுகிறது. கிழக்கே அட்லாண்டிக், தெற்கே மெக்சிகோ வளைகுடா. பாத்தி கட்டிக் காயவிட்டிருக்கலாமே? கொட்டகைத் தரையைத் தோண்டி உப்பு எடுத்தார்கள் என்பது நிஜமா?

பதில் 1:
போருக்கு முன் உப்பை விலைக்கு வாங்கித்தான் பழக்கம். பருத்தி ஏற்ற வரும் கப்பல்கள் இங்கிலாந்தின் லிவர்பூலிலிருந்து அடிபாரமாக (கப்பல் நிலையாக நிற்க அடியில் ஏற்றும் எடை) உப்பைக் கொண்டுவரும், மலிவு. 1861 ஏப்ரலில் வடக்குத் தரப்பின் ஜனாதிபதி லிங்கன் தென் துறைமுகங்களின் முற்றுகையை அறிவித்ததும் அந்த வழி அடைபடத் தொடங்கியது.

பாத்தி உப்புக்கு நீண்ட வறண்ட வெயில் வேண்டும். ஃபுளோரிடாவில் கோடையில்தான் மழை கொட்டும். அதனால் கரும்புச்சாறு காய்ச்சும் இரும்புக் கொப்பரைகளில் கடல்நீரைக் காய்ச்சினார்கள். விறகு மலைபோலத் தின்னும். புகையும் இரவில் நெருப்பும் வடக்குக் கடற்படைக்குக் காட்டிக்கொடுக்கும். வார்ப்பிரும்புக் கொப்பரை சம்மட்டி அடிக்குத் தாங்காது, தரையிறங்கும் மாலுமிகளுக்கு அது போதும். ஃபுளோரிடாவின் செயின்ட் ஆண்ட்ரூஸ் விரிகுடாக் காய்ச்சுமிடங்களை 1863 டிசம்பரில் அப்படித்தான் அழித்தார்கள்.

பெரிய ஊற்று வர்ஜீனியாவின் சால்ட்வில். அங்கே கிணற்று நீரே கடல்நீரைவிடப் பல மடங்கு உப்பு. ஆனால் காய்ச்சிய உப்பை ஏற்றிப்போக ரயில் வண்டி கிடைக்காமல் திண்டாட்டம். 1864 டிசம்பரில் அதையும் வடக்குப் படை நாசம் செய்தது.

பதில் 2:
தரையைத் தோண்டியது நிஜம்தான். பன்றிக்கறிக்கு உப்புத் தடவித் தொங்கவிடும் புகைக்கொட்டகையில் வருஷக்கணக்காக உப்புநீர் சொட்டி மண்ணில் ஊறியிருக்கும்.

மேல்மண்ணை வெட்டி, அடியில் வைக்கோல் பரப்பிய பீப்பாயில் போட்டு, தண்ணீரை மெதுவாக ஊற்றுவார்கள். வேகமாக ஊற்றினால் உப்பு கரையாமல் தண்ணீர் மட்டும் ஓடிவிடும். சோப்புக்குச் சாம்பல் வடிக்கும் தொட்டியிலேயே செய்தால் பழைய சாம்பலைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சாம்பலின் காரம் (alkali) கலக்கும். வடிந்ததைக் காய்ச்சி, நுரையை எடுத்து, சுண்டவிடுவார்கள். பழுப்பு நிற உப்புதான் கிடைக்கும். ஒருமுறை கழுவிய மண்ணில் மறுமுறை பெரிதாக ஒன்றும் தேறாது. ஆகவே இது அவசரத்துக்கு மட்டுமே, தட்டுப்பாட்டைத் தீர்த்த வழி என்று சொல்ல மாட்டேன்.

கேட்டவர்:
சாப்பாட்டுக்குக் குறைத்துக்கொள்ளலாமே. அவ்வளவு உப்பு எதற்கு?

பதில் 3:
சாப்பாட்டு உப்பு பிரச்சினையே இல்லை, கறியைக் கெடாமல் வைப்பதுதான். 100 கிலோ பன்றிக்கறிக்குச் சுமார் 8 கிலோ உப்பு என்பது பழைய கணக்கு. அதைக் கடல்நீரில் எடுக்க 300 லிட்டராவது சுண்ட வேண்டும். மாட்டுக்கும் தோல் பதனிடவும் தனி.

குளிர் பிடித்த பிறகே பன்றியை வெட்டுவார்கள். உப்பு எலும்பு வரை இறங்க வாரக்கணக்கில் ஆகும். நடுவில் வெயில் ஏறினால், அல்லது உப்பைச் சுருக்கினால், தொடைக்கறி வெளியே நன்றாக இருக்கும், எலும்பை ஒட்டி உள்ளே கெட்டுப்போகும். மெல்லிய குச்சியை எலும்போரம் செருகி முகர்ந்தால்தான் தெரியும். உறைந்தாலும் தொல்லை, உப்பு உள்ளே இறங்காது.

கடலுப்பில் இன்னொரு சிக்கல்: கொப்பரையை வறளும் வரை காய்ச்சினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து வரும். உப்பு கசக்கும், எந்நேரமும் நசநசவென்று நீர்விடும். அடியில் கொஞ்சம் நீர் இருக்கும்போதே உப்பை அள்ளி, கூடையில் வடியவிட வேண்டும்.