ஏசி கம்ப்ரசரை மாற்றச் சொல்கிறார்கள், நம்பலாமா?

மதுரையில் இருக்கிறேன். 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக் கார், 84,000 கி.மீ. ஓடியது. சித்திரை வெயில் ஆரம்பித்ததிலிருந்து சிக்னலில் நின்றால் ஏசியில் வெறும் காற்றுதான் வருகிறது. ரிங் ரோட்டில் 60-ஐத் தாண்டினால் ஜில்லென்று ஆகிவிடுகிறது. கம்ப்ரசர் போய்விட்டது, 28,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள் கம்பெனி சர்வீஸில். கேஸ் பிரஷர் பார்க்க கேஜ்கூட மாட்டவில்லை, அதுதான் உறுத்துகிறது.

கேபின் ஃபில்டரை மாற்றினேன். ஃபியூஸ் சரி, ரிலேவையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். ஏசி போட்டதும் கம்ப்ரசரை இன்ஜினோடு சேர்க்கும் கிளட்ச் 'டக்'கென்று பிடிக்கிறது. ஆனால் கண்டென்சர் ஃபேன் (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் ஃபேன்) சுற்றவில்லை. பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தாலும் லேசாக முக்கிவிட்டு நின்றுவிடுகிறது. எனக்கு ஃபேன் மேல்தான் சந்தேகம். வீக்கான கம்ப்ரசரும் இப்படித்தான் காட்டும் என்கிறார் தெரிந்த மெக்கானிக் அண்ணன். அம்மாவை மதிய வெயிலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருக்கிறது.

முதலில் ஃபேன் மோட்டாரை மட்டும் வாங்கி நானே மாட்டிப் பார்க்கலாமா, இல்லை கம்ப்ரசரையே மாற்றிவிடுவதா?