வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?

தாராவி, 90 அடி சாலை:

ஏழு மாதம் என் மகனின் அரிப்புக்கு அலர்ஜி என்றே வைத்தியம் நடந்தது. கத்தரிக்காய், முட்டை, கருவாடு என்று ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னார்கள். எட்டு வயதுப் பிள்ளை, பக்கத்து வீட்டில் கருவாடு வறுபடும் வாசனைக்கே ஏங்கிப்போனான். பகலில் ஓரளவு சமாளிப்பான். விளக்கை அணைத்துப் படுத்ததும் தொடங்கிவிடும். விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, அரைஞாண் கயிறு படும் இடம் என்று விடியும்வரை சொறிவான்.

மூன்று பேரிடம் காட்டினோம். கொடுத்த களிம்பைத் தடவினால் நான்கு நாள் அடங்கும், ஐந்தாம் நாள் முன்பைவிட அதிகமாகக் கிளம்பும். அது ஸ்டீராய்டு என்று பிறகுதான் தெரிந்தது. எங்களுடையது ஒற்றை அறை. ஆறு பேர் ஒரே தரையில் படுக்கிறோம். உண்மையில் நானும் மாமியாரும்கூடச் சொறிந்துகொண்டுதான் இருந்தோம். எனக்குச் சோப்புத்தூள் ஒத்துக்கொள்ளவில்லை, அத்தைக்குச் சர்க்கரை என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். நாங்கள் சொல்லவுமில்லை, யாரும் கேட்கவுமில்லை.

கடைசியில் மும்பை மாநகராட்சி மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவில், இளம் பெண் மருத்துவர் ஒருவர் பையனின் விரல்களை விரித்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்டதே அதுதான்: "வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா?" பிறகு மராத்தியில் "கரூஜ்" என்றார். நம் ஊர்ச் சிரங்கு. கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. முதல்முறை தொற்றும்போது அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகுமாம். ஆகவே அரிக்காதவர் உடம்பிலும் அது இருக்கலாம். ஸ்டீராய்டு அரிப்பைத்தான் அடக்கும், பூச்சியைக் கொல்லாது.

பூச்சியைக் கொல்லும் 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பைக் கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, நக இடுக்குகூட விடாமல், வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் தடவிக்கொண்டு காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. உடுத்திய துணி, போர்வை எல்லாவற்றையும் வெந்நீரில் அலசச் சொன்னார். காலையில் சிறிது நேரமே குழாயில் தண்ணீர் வரும் சந்தில் ஆறு பேர் துணியை அலசுவது எப்படி என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிரங்கு அழுக்கானவர்களுக்குத்தான் வரும் என்ற பேச்சு என்னைக் கொதிக்க வைக்கிறது. நெருங்கிப் படுக்கிற எந்த வீட்டிலும் அது வரும். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் நானும் என் அரிப்பை வெளியில் சொல்லாமல் இருந்தேன்.

சயான் கோலிவாடா:

அக்கா, எனக்கு வந்தது பூஞ்சையால் வரும் படர்தாமரை. தொடையிடுக்கில் வட்டமாகத் தொடங்கியது. மருந்துக்கடை அண்ணாச்சி ஒரு டியூபைக் கொடுத்தார். பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக், க்ளோபெட்டசால் என்ற வீரியமான ஸ்டீராய்டு, மூன்றும் ஒன்றாகக் கலந்தது. இரண்டே நாளில் அரிப்பு போனதால் அவரை வாயாரப் புகழ்ந்தேன். ஒன்றரை வருடம் விட்டுவிட்டுத் தடவினேன். வட்டத்தின் விளிம்பு மங்கி, படை வயிறுவரை ஏறியது. அதன்பின் பார்த்த ஒருவர் எக்ஸிமா (கரப்பான்) என்றார், இன்னொருவர் சோரியாசிஸ் (செதில் படை) என்றார். வட்டம் அழிந்துவிட்டதால் அவர்களுக்கும் பிடிபடவில்லை. நான் தடவிய டியூபின் பெயரை அவர்கள் கேட்டிருக்கலாம் என்பது மட்டும் என் வருத்தம்.

கடைசியில் ஒரு தோல் மருத்துவர் செதிலைச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பூஞ்சை இழைகள் தெரிந்தன. ஸ்டீராய்டால் இப்படி உருமாறிய படைக்கு 1968லேயே 'டினியா இன்காக்னிடோ' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். இந்த வகை ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் விதியும் வந்தது. என்றாலும் எனக்குச் சீட்டில்லாமல்தான் கிடைத்தது. படை போய்விட்டது, தொடையில் தோல் மெலிந்து விழுந்த வரிகள் போகவில்லை.

செம்பூர்:

என் அம்மாவுக்குத் தடிப்பே இல்லாமல் உடம்பெல்லாம் அரித்தது. வயதானால் தோல் வறளும் என்று தேங்காய் எண்ணெயோடு ஓராண்டு ஓடிவிட்டது. ரத்தப் பரிசோதனை செய்தபோது சிறுநீரகம் பெருமளவு பழுதாகியிருந்தது. தோலில் ஒன்றும் தெரியாமல் வாரக்கணக்கில் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு பரிசோதனைகளைக் கேட்டு வாங்குங்கள்.

ஆன்டாப் ஹில்:

தாராவி அக்கா, நாங்களும் அதே களிம்பைத் தடவி 10 நாள் ஆகிறது. இன்னும் அரிக்கிறது. மருந்து வேலை செய்யவில்லையா?

தாராவி, 90 அடி சாலை:

பயப்படாதீர்கள் தம்பி. பூச்சி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கலாம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். நீங்களாகத் தினமும் தடவாதீர்கள், தோல் எரிந்துபோகும். புதிதாகக் கொப்புளம் கிளம்பினால் மட்டும் உடனே போய்க் காட்டுங்கள். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் தடவினார்களா என்பதையும் விசாரியுங்கள். எங்கள் கொழுந்தனார் இரவு வேலைக்குப் போய்விட்டதால் முதல் தடவை விட்டுப்போனார். ஒன்றரை மாதம் கழித்து எல்லோருக்கும் மறுபடி வந்தது.