மறு: மனித உறுப்பு, செல் வடிவ செராமிக் சிற்பம் – தமிழ்ல என்ன பேர்?

> உடற்கூறியல் பீங்கான் சிற்பம், உயிரணுப் பீங்கான் சிற்பம். இதுவே போதுமே?

ஐயா வணக்கம். பீங்கான் வேண்டாம்னு தோணுது. தோழி கேலரில வெக்கறதுக்காகச் செஞ்ச சிற்பங்கள்ல பாதிக்கு மேல ஸ்டோன்வேர் களிமண்ணு, 1200 டிகிரிக்கு மேல சுட்டது, பீங்கான்னு எழுதினா டீ கப்புதான் ஞாபகம் வரும். அதுக்குப் பதிலா சுடுமண்ணுன்னு வெக்கலாம். சுடுமண்ணுன்னா டெரகோட்டா மட்டும்தானேன்னு கேப்பீங்க, சுட்ட மண்ணு எல்லாமே சுடுமண்ணுதானே, அகலமாவே வெச்சுக்கலாம்.

உயிரணுவும் சிக்கல். பேப்பர்ல "உயிரணு எண்ணிக்கை குறைவா?"ன்னு விளம்பரம் பாத்துப் பழகினவங்க கேலரில வேற எதையோ நெனப்பாங்க. செல்லுக்குக் கண்ணறைன்னும் தமிழ்ல ஒரு பேர் இருக்கு, என் ஓட்டு அதுக்குத்தான். (சிவப்பணுவை மாத்தச் சொல்லல, அது நிலைச்சிருச்சு.) ராபர்ட் ஹூக் 1665ல கார்க்கை மைக்ராஸ்கோப்ல பாத்தப்ப சின்னச் சின்ன அறையா தெரிஞ்சுதுன்னுதான் செல்னு பேர் வெச்சார். மண் வேலைலயும் அந்த அறை வேணும். போன சனிக்கிழமை இங்க பெங்களூர் பாட்டரி டவுன்ல ஒரு அக்காகிட்ட உக்காந்து நானே ஒரு சிவப்பணு செஞ்சேன், உள்ளங்கை அளவு, ரெண்டு பக்கமும் கட்டைவிரலால அமுக்கின பள்ளம், கெட்டியா உருட்டிட்டேன், அவங்க கம்பியால ரெண்டா அறுத்து உள்ள மண்ணைச் சுரண்டி எடுத்து, ஓரத்தைக் கீறி, கொழகொழன்னு கரைச்ச மண்ணு தடவி ஒட்டி, ஊசியால ஒரு ஓட்டையும் போட்டுக் குடுத்தாங்க. கெட்டியா விட்டா உள்ள நிக்கற ஈரம் ஆவியாகி சூளைல வெடிச்சிருமாம். கண்ணறை இதுக்கு அப்படியே பொருந்துது.

அடுத்தது சிற்பம். கை கால் கண்ணு சரியில்லைனா அந்த உறுப்பையே மண்ணுல செஞ்சு சுட்டு கோயில்ல வெக்கறோமே, அதுக்கு உருவாரம்னு பேர் இருக்கு. சின்ன வயசுல எனக்குக் கால் உடைஞ்சப்ப எங்க அம்மாச்சி மாரியம்மனுக்கு ஒரு மண் கால் வெச்சாங்க, முழுக்க சுண்ணாம்பு, நகத்துக்கு மட்டும் சிவப்பு. மனுஷ உறுப்பை மண்ணுல செய்யறதுக்கு குயவர்கிட்ட இவ்வளவு காலமா ஒரு பேர் இருக்கறப்ப அதைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரல.

> அது நேர்த்திக்கடன் ஆச்சே, கேலரிக்கு ஒத்துவருமா?

வரும் அக்கா. வெண்கலச் சாமியும் பூஜைக்குச் செஞ்சதுதான், மியூசியத்துல நின்னாலும் சிலைனுதானே சொல்றோம்.

அதனால உறுப்புக்கு உடலுருவாரம், செல்லுக்கு கண்ணறை உருவாரம், தேவைப்பட்டா முன்னாடி சுடுமண். உடல் உருவாரம்னு பிரிச்சு எழுதலாமா, சேத்தேவா? வியாழக்கிழமை கேலரி அட்டை பிரிண்டுக்குப் போகுது, அதுக்குள்ள சொல்லிடுங்க.