கிட்டார் பிரிட்ஜ் பிக்கப் மாற்ற வேண்டும்: அல்னிகோ 2 காந்தமா, 5-ஆ?

ஸ்ட்ராட் வடிவ எலக்ட்ரிக் கிட்டார், மூன்று பிக்கப் (ஸ்ட்ரிங் அதிர்வை மின்சிக்னலாக்கும் பாகம்). பிரிட்ஜ் பக்கம் செராமிக் காந்தம் உள்ள ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்), மீட்டரில் 16 கிலோ ஓம் காட்டுகிறது. மற்ற இரண்டும் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்); அவை அருமை, தொடப்போவதில்லை.

வாங்கியதிலிருந்தே இதே கதைதான். பிரிட்ஜுக்கு மாற்றினாலே சத்தம் எகிறுகிறது. டிஸ்டார்ஷனில் ஒரு மைனர் கார்டு அடித்தால் ஸ்ட்ரிங்குகள் தனித்தனியாகக் கேட்பதில்லை, எல்லாம் குழைந்துவிடுகிறது.

பிக்கப்பை ஸ்ட்ரிங்கிலிருந்து சற்றுத் தள்ளிக் கீழே இறக்கிப் பார்த்தேன். சத்தம் குறைந்தது, குழைவு போகவில்லை. புது ஸ்ட்ரிங், வேறு ஆம்ப், அதுவும் ஆயிற்று. வால்யூம் பாட்டை (வால்யூம் திருகியின் மின்தடையை) 500கே, அதாவது 500 கிலோ ஓம் ஆக்கியதும் ஹம்பக்கர் கொஞ்சம் தெளிந்தது, ஆனால் சிங்கிள் காயில்கள் காதைக் கிழித்தன. சரி என்று மறுபடி 250கே போட்டுவிட்டேன்.

புது பிக்கப்பின் அகலத்துக்காகச் சொல்கிறேன்: ட்ரெமோலோ பிரிட்ஜ், முதல் ஸ்ட்ரிங்கிலிருந்து ஆறாவது வரை 52 மி.மீ.

8 கிலோ ஓம் அளவிலான ஹம்பக்கர் போடலாம் என்றிருக்கிறேன். இந்த 250கே பாட்டோடு தெளிவாகக் கேட்க எந்தக் காந்தம் எடுக்கலாம், அல்னிகோ 2-ஆ, 5-ஆ?