தக்காளிச் செடி பச்சையாக இருக்கும்போதே வாடுகிறது. என்ன மருந்து கொடுப்பது?

வேளாண் மாணவி:
பயிர் நோயியல் படிக்கிறேன். எங்கள் பயிற்சிப் பாத்தியில் காய்ப் பருவத்துத் தக்காளிச் செடிகள் திடீரென்று துவண்டுவிடுகின்றன. இலையில் மஞ்சளும் இல்லை, புள்ளியும் இல்லை. கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லிக் கரைசலை வேரில் ஊற்றியும் பலனில்லை. அடுத்து எந்த மருந்து கொடுக்கலாம்?

நோயியல் ஆசிரியர்:
சகோதரி, மருந்துப் புட்டியை மூடி வையுங்கள். நோய்க்காரணி எது என்று தெரியாமல் மண்ணில் எதையும் ஊற்றக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன்.

புதிதாக வாடிய செடியின் தண்டை அடிப்பகுதியில் வெட்டி, வெட்டுவாய் மட்டும் தெளிந்த நீரில் படும்படி கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை நீரில் இறங்கினால் அது ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியாவின் வேலை. பூசணக்கொல்லி அதை ஒன்றும் செய்யாது. பியூசேரியம் பூசணத்தால் வரும் வாடலில் பெரும்பாலும் அடியிலைகள் முதலில் மஞ்சளாகும். தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரியும். பால் இழை வராது.

பூசணம் போலத் தெரிவதெல்லாம் பூசணமும் அல்ல. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்த பைட்டோப்தோரா, பாசிகளுக்கு நெருங்கிய உயிரினம். அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது. கார்பென்டாசிம் அதனிடம் எடுபடாததை மாணவர்கள் தேர்வுக்காக மட்டும் மனப்பாடம் செய்வது எனக்கு வருத்தம் தருகிறது. வயலில் தேவைப்படும் அறிவு அது.

வேளாண் மாணவி:
சோதித்தேன் ஐயா. பால் இழை தெளிவாக இறங்கியது. இனி என்ன செய்வது?

நோயியல் ஆசிரியர்:
வாடிய செடிகளை வேரோடும் வேர்மண்ணோடும் எடுத்து அழியுங்கள். அவற்றைக் குப்பைக்குழியில் போட வேண்டாம். அந்தப் பாத்தியில் பாய்ந்த நீர் அடுத்த பாத்திக்குப் போகக் கூடாது. பாக்டீரியா நீரோடு நகரும். மண்வெட்டியையும் கழுவுங்கள். அடுத்த பட்டத்தில் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு வேண்டாம். மூன்றும் அதே பாக்டீரியாவுக்கு இடம் கொடுப்பவை. மக்காச்சோளம் போன்ற தானியப் பயிர் போடுங்கள். வேரில் முடிச்சுகள் உள்ளனவா என்றும் பாருங்கள். முடிச்சுகள் மண்ணில் வாழும் நுண்ணிய நூற்புழுவின் அடையாளம். அது துளைத்த காயம் வழியாகப் பாக்டீரியா எளிதில் நுழையும்.

நாற்றங்கால்காரர்:
பிறகு தக்காளியே வேண்டுமென்றால் இந்தப் பாக்டீரியாவைத் தாங்கும் சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றை நடலாம். ஒட்டிய இடம் மண்ணுக்கு மேலே இருக்க வேண்டும். அதை மண் மூடிவிட்டால் தக்காளித் தண்டிலிருந்தே வேர் விடும். ஒட்டுக்கட்டியதன் பயன் போய்விடும்.