ஓப்பரேசனுக்குப் பிறகு அப்பா மெலிஞ்சுகொண்டே போறார்: வாட்டில யாரிட்ட என்ன கேக்கிறது?

கோண்டாவில் மகள்:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாக்கு 68 வயசு. குடலில கட்டி எண்டு ஓப்பரேசன் செய்து, ரெண்டு கிழமைக்கு மேல வாட்டில இருக்கிறார். கட்டியை முழுக்க எடுத்தாச்சு எண்டு சேர்ஜன் சொன்னவர். ஆனா வயித்துப் புண் ஒரு கரையில ஆறாமல் நீர் வடியுது. மனிசன் எழும்பி ரொய்லற் மட்டும் போறதுக்கே களைக்கிறார்.

சித்திரையில கிளினிக் கொப்பியில 62 கிலோ எண்டு எழுதிக் கிடக்கு. வாட்டுக்கு வந்தண்டு 56. பேந்து ஒருத்தரும் நிறுக்கேல்லை. நான் ஆய்க்கினை குடுத்து போன கிழமை நிறுத்தால் 54. உயரம் 5 அடி 6 அங்குலம். "உவர் எப்பவும் ஒல்லிதானே" எண்டு மாமா சொல்லுறார். மோதிரம் விரலில நிக்குதில்லை, கழட்டி நான்தான் வச்சிருக்கிறன்.

சாப்பாடு இதுதான்: விடிய ரெண்டு துண்டு பாண், பிளேன்ரீ. மத்தியானம் வீட்டில இருந்து குழைச்சுக் கொண்டுபோற சோறு மூண்டு நாலு வாய். இரவு கஞ்சி. நோர்மல் சாப்பாடு குடுக்கலாம் எண்டு டொக்டர் சொல்லியாச்சு. ஆனா முட்டையும் மீனும் கிரந்தி, புண்ணுக்குக் கூடாது எண்டு அம்மா விடுறா இல்லை. அதோட நல்லூர் கொடியேறியிட்டுது, வீட்டில இனி மச்சம் இல்லை. அப்பாக்குச் சீனி வருத்தமும் இருக்கு, அதுக்காகச் சோத்தையும் குறைச்சுப்போட்டா.

ரத்த ரிப்போட்டில அல்புமின் எண்ட புரதம் 26 எண்டு கிடக்கு. பக்கத்துக் கட்டில்காரர் முட்டை வெள்ளைக்கரு குடுத்தால் ஏறும் எண்டார். வாட்டில கேட்டால் "வயசு போனால் இப்பிடித்தான், மெல்ல மெல்லத் தேறுவார்" எண்டு சொல்லுகினம். உண்மையோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

ஸ்காபரோ சின்னவன்:

தங்கச்சி, நான் டொக்டர் இல்லை. இஞ்ச போன வருசம் மாமியை ஆஸ்பத்திரியில சேர்க்கேக்க முதலே ரெண்டு கேள்வி கேட்டவை. கடைசி ஆறு மாதத்தில முயற்சி செய்யாமலே நிறை குறைஞ்சதோ? ஒரு கிழமைக்கு மேலா வழமையிலும் குறையச் சாப்பிடுறாவோ? ரெண்டுக்கும் ஓம் எண்ட உடன சாப்பாட்டுத் திட்டம் போடுற டயற்றீசியன் வந்திட்டா. உங்கட அப்பாக்கும் ரெண்டுக்கும் ஓம்தானே. என்சுவர் சத்துமா ரின் வேணுமெண்டால் சொல்லுங்கோ, ஊருக்கு வாற ஆக்களிட்டக் குடுத்துவிடலாம்.

பழைய மிஸி:

பிள்ளை, 'வயசு போனால் இப்பிடித்தான்' எண்ட கதையை நான் சேர்ஜிக்கல் வாட்டில நிண்ட காலம் முழுக்கக் கேட்டனான். நாலு மாதத்தில எட்டுக் கிலோ இறங்கினதுக்கு வயசிட்டப் பழி போடேலாது. உங்கட அப்பாக்கு இருக்கிறது மந்தபோசணை, உடம்புக்குச் சத்துக் காணாத நிலை. எங்கட சனத்துக்கு அதெண்டால் சின்னப்பிள்ளையளும் திரிபோஷா பைக்கற்றும்தான் ஞாபகம் வரும். பெரிய ஆக்களின்ர வாட்டில போய்ப் பார்த்தால் கட்டிலுக்குக் கட்டில் கிடக்கும்.

கணக்கைப் பாருங்கோ. 2003 இல பிரித்தானியாவில மந்தபோசணை ஆபத்தைக் கணிக்க 'மஸ்ட்' எண்டு ஒரு புள்ளி முறை கொண்டுவந்தவை. இதைப் போட ரத்தமும் வேண்டாம், ஸ்கானும் வேண்டாம். மூண்டு தொடக்கம் ஆறு மாதத்துக்குள்ள நிறை 10 வீதத்துக்கு மேல இறங்கினால் 2 புள்ளி. அப்பாக்கு 62 இல 8 போயிருக்கு, கிட்டத்தட்ட 13 வீதம். அடுத்தது பி.எம்.ஐ, உயரத்துக்கு நிறை காணுமோ எண்டு பாக்கிற கணக்கு: 54 கிலோவும் அந்த உயரமும் 19 சொச்சம் வருது. 18.5 க்கும் 20 க்கும் இடையில எண்டால் 1 புள்ளி. மொத்தம் 3. இரண்டு வந்தாலே ஆபத்துக் கூடின ஆள் எண்டு எழுதி, சாப்பாட்டுக்குத் திட்டம் போடவேணும். மாமா சொல்லுற ஒல்லி வேற. ஒல்லியான ஆள் வருசக்கணக்கா அதே நிறையில நிப்பார்.

இன்னொண்டு, கால் வீக்கம் இருக்கோ எண்டு நீங்கள் எழுதேல்லை. கணுக்காலில பெருவிரலால அமத்திப் பாருங்கோ. குழி விழுந்து நிண்டால் அந்த 54 இலயும் தண்ணி இருக்கு, உண்மை நிறை இன்னும் குறைவு. தராசில ஏறி நிக்கேலாத ஆக்களுக்கு நாங்கள் தையல் ரேப்பால மேற்கையின்ர நடுப்பகுதியைச் சுத்தி அளப்பம். 23.5 சென்ரிமீற்றருக்குக் கீழ எண்டால் பி.எம்.ஐ 20 க்குக் கீழ இருக்கக்கூடும். வீட்டில வயசுபோன ஆக்கள் இருக்கிற எல்லாரும் உதைச் செய்யலாம், ஒரு சதமும் செலவில்லை.

அல்புமினை விடுங்கோ. உடம்பில கிருமி, காய்ச்சல், வெட்டின காயம் எது இருந்தாலும் அது தானா இறங்கும். 26 எண்டால் அப்பாவின்ர உடம்பு இன்னும் எதோடயோ சண்டை பிடிக்குது, புண்ணை வடிவாப் பாருங்கோ எண்டுதான் நான் எடுப்பன். சாப்பாடு காணுமோ காணாதோ எண்டு அந்த நம்பர் சொல்லாது. வெள்ளைக்கருவை மட்டும் குடுத்து மஞ்சளை எறியிறதில ஒரு பிரயோசனமும் இல்லை.

இனிச் சாப்பாடு. உந்தக் கஞ்சியைப் பற்றிக் கதைப்பம். ஒரு கைப்பிடி அரிசி 40 கிராம் வரும், அதில 140 கலோரி, புரதம் 3 கிராம் கூட இல்லை. பானை நிறையத் தண்ணி விட்டுக் காய்ச்சினாலும் அதுதான் கணக்கு, மனிசன்ர வயிறு மட்டும் ஊதும். அப்பாவின்ர நிறைக்கு ஒரு நாளைக்கு 1,500 கலோரியாவது வேணும். புரதம் கிலோவுக்கு 1.2 தொடக்கம் 1.5 கிராம் எண்டால் 65 தொடக்கம் 80 கிராம். நீங்கள் எழுதினதைக் கூட்டிப் பார்த்தால் அரைவாசியும் தேறாது. கல்லும் சீமெந்தும் இறக்காமல் மேசனை மட்டும் கூப்பிட்டு வச்சுக்கொண்டு சுவர் ஏன் எழும்பேல்லை எண்டு கேக்கிற மாதிரித்தான் அந்தப் புண்.

அம்மாவோட சண்டைக்குப் போகாதேங்கோ. அவ பயத்தில சொல்லுறா. புண்ணில சீழ் பிடிக்கிறது கிருமியால, முட்டையால இல்லை எண்டு மிஸியைக் கொண்டு சொல்லுவியுங்கோ. மகள் சொன்னால் ஏறாதது வெள்ளை உடுப்புச் சொன்னால் ஏறும், நான் எத்தினையோ அம்மாமாரிட்டக் கண்டனான். நல்லூர்த் திருவிழா 25 நாள். வீடு சைவம் எண்டால் இருக்கட்டும், அப்பா என்ன சொல்லுறார் எண்டு ஒருக்கா அவரிட்டயே கேளுங்கோ. தனக்கு முட்டை பறவாயில்லை எண்டால் வாட்டில வச்சுக் குடுக்கலாம். அவரும் வேண்டாம் எண்டால் வில்லங்கப்படுத்த வேண்டாம், சைவத்திலயே சமாளிக்கலாம்.

கஞ்சியைத் தண்ணியில காய்ச்சாமல் பாலில காய்ச்சுங்கோ. 30 கிராம் முழு ஆடைப் பால்மாவில 150 கலோரியும் 7 கிராம் புரதமும் இருக்கு. பச்சைப்பயறு கோதை நீக்கி அவிச்சு மசிச்சு அதுக்குள்ள கலக்கலாம். உழுத்தம்மாக் களி நல்லெண்ணெய் விட்டுக் கிண்டுங்கோ, சீனி வருத்தக்காரருக்குப் பனங்கட்டியைக் குறையுங்கோ. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, சாப்பாட்டின்ர அளவைக் கூட்டாமல் பெலத்தைக் கூட்ட அதைப்போல வேற இல்லை. பருப்புத் தடிப்பா, தேங்காய்ப்பால் விட்டு. தயிர். சோயா மீற் நல்லா அவிச்சு அரைச்சு. குடல் ஓப்பரேசன் எண்டபடியால் முருங்கைக்காய்ச் சக்கை, கீரைத் தண்டு, முழுக் கச்சான் எல்லாம் டொக்டரைக் கேட்டுப்போட்டுப் பிறகு பாப்பம். மூண்டு நேரமாக் குடுக்காமல் ஆறு நேரமாக் குடுங்கோ, ஒவ்வொருக்காவும் எப்பன் எப்பன். பிளேன்ரீயைச் சாப்பாட்டுக்கு முதல் குடுத்து வயித்தை நிரப்பாதேங்கோ.

பாக்க வாற சனத்துக்கும் சொல்லுங்கோ, அப்பிளும் முந்திரிகையும் கொண்டுவந்து லொக்கருக்கு மேல அடுக்கவேண்டாம் எண்டு. ஒவ்வொரு வாட்டிலயும் வாடிப்போய்க் கிடக்கிற அப்பிளுக்குச் செலவழிச்ச காசுக்கு ஒரு பண்ணை வாங்கலாம்.

சீனிக்குச் சோத்தைக் குறைக்கிற நேரம் இது இல்லை. சாப்பாட்டைக் கூட்டிறதாச் சொன்னால் டொக்டர் இன்சுலினை அதுக்கேத்த மாதிரி மாத்துவார். சொல்லாமல் மட்டும் கூட்டாதேங்கோ.

அவர் ஏன் சாப்பிடுறார் இல்லை எண்டும் பாருங்கோ. பல்லுச் செற் வீட்டில கிடக்கோ? வாய்க்குள்ள வெள்ளையாப் படர்ந்திருக்கோ? மலச்சிக்கலோ, நோவோ? ஸ்கானுக்கெண்டு வெறும் வயித்தில வச்சிருந்து, பின்னேரம் "இண்டைக்கு இல்லை, நாளைக்கு" எண்டு சொல்லுற நாளுகள் எத்தினை? அந்த நாளுகளில பிந்தினாலும் பறவாயில்லை, தவறின சாப்பாட்டைக் கேட்டு வாங்கிக் குடுங்கோ.

வாட்டில கேக்கவேண்டியது ரெண்டு. இன்சார்ஜ் மிஸியிட்ட, கிழமைக்கு ஒருக்கா நிறுத்துக் கட்டில் ரிக்கற்றில எழுதச் சொல்லி. ஹவுஸ் ஒபிசரிட்ட, போசாக்கு டொக்டருக்கு ரெபர் பண்ணச் சொல்லி. "அப்பா மெலிஞ்சிட்டார்" எண்டு சொல்லாதேங்கோ, அது ஒருத்தருக்கும் கேக்காது. "62 இல இருந்து 54, நாலு மாதத்தில 13 வீதம், அரைவாசிச் சாப்பாடுதான் போகுது" எண்டு நம்பரோட சொல்லுங்கோ. மூண்டு நாளைக்கு அவர் உண்மையா விழுங்கினதை ஒரு கொப்பியில எழுதி கையில வச்சிருங்கோ. கொண்டுபோனது வேற, உள்ள போனது வேற.

வன்னி டொக்டர்:

மிஸி அக்கா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு நாளைக்கே 1,500 கலோரியை ஒரேயடியாக ஏற்றிவிடாதீர்கள். பல நாட்கள் மிகக் குறைவாகச் சாப்பிட்ட உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால், இன்சுலின் கூடி, இரத்தத்திலுள்ள பொஸ்பேற், பொற்றாசியம், மக்னீசியம் எல்லாம் கலங்களுக்குள் இழுபட்டுவிடும். இதயத் துடிப்புக் குழம்பும், மூச்சுத் தசை சோரும். இரண்டாம் உலகப் போர் முடிந்து மீட்கப்பட்ட கைதிகள் சிலர் வயிறாரச் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்ததில்தான் இது தெளிவாகத் தெரிய வந்தது. 10 வீதத்துக்கு மேல் நிறை இழப்பு, 5 நாளுக்கு மேல் அற்ப சாப்பாடு, இரண்டும் சேர்ந்தால் ஆபத்துக் கூடிய ஆள். உங்கள் அப்பா அந்த எல்லையில்தான் நிற்கிறார். கூட்டுவதற்கு முன் அந்த மூன்று உப்புகளையும் பார்க்கச் சொல்லுங்கள், தயமின் (விற்றமின் பி1) குளுசை தொடங்கலாமா என்று கேளுங்கள். பிறகு நாலு தொடக்கம் ஏழு நாளில் படிப்படியாக முழு அளவுக்குப் போகலாம்.

அதற்காகப் பயந்து நிற்கவும் வேண்டாம். 2019 இல் லான்செற் சஞ்சிகையில் சுவிற்சர்லாந்தின் எட்டு ஆஸ்பத்திரிகளில் 2,000 க்கு மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. ஆளுக்கு ஆள் கணக்குப் போட்டு உணவு கொடுத்தவர்களில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 7 வீதம். வழமையான ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் விட்டவர்களில் 10 வீதம். புதிய மருந்து ஒன்றுக்கு இந்தப் பலன் கிடைத்திருந்தால் கொம்பனிகள் மேளம் அடித்திருக்கும்.

கோண்டாவில் மகள்:

மிஸி அன்ரி, டொக்டர், சின்னவன் அண்ணா, எல்லாருக்கும் நன்றி. கொப்பியில எழுதிக் கொண்டுபோய்க் காட்டினன். ஹவுஸ் ஒபிசர் பிள்ளை வாசிச்சுப்போட்டு அங்கயே நிண்டு ரெபரல் எழுதினா. பொஸ்பேற் குறைவாத்தான் இருந்தது, அதுக்கு மருந்தும் தயமினும் தொடங்கினவை. போசாக்கு டொக்டர் சாப்பாட்டோட ஒரு பால்மாவும் எழுதித் தந்தவர், சீனி வருத்தக்காரருக்கு உரியது. கால் வீக்கம் கொஞ்சம் இருக்கு, சொல்லியிருக்கிறன்.

பல்லுச் செற் வீட்டில அலுமாரிக்குள்ள கிடந்தது அன்ரி! அம்மா துலைஞ்சுபோகும் எண்டு எடுத்து வச்சவ. அப்பா முட்டை வேண்டாம் எண்டிட்டார், தீர்த்தம் முடியட்டுமாம். உழுத்தங்களி மட்டும் கேட்டுக் கேட்டுச் சாப்பிடுறார்.

ஒரு கேள்வி. அந்த மா ரின் சரியான விலை. கரண்டியைக் குறைச்சுப் போட்டுக் கரைச்சால் கூட நாளைக்கு வருமெண்டு மாமா சொல்லுறார். செய்யலாமோ?

பழைய மிஸி:

வேண்டாம். தண்ணியாக் கரைச்சால் காசும் போய்ச் சத்தும் போகும். ரின்னுக்குள்ள கிடக்கிற கரண்டியாலயே, அதில எழுதியிருக்கிற தண்ணிக் கணக்கிலயே கரையுங்கோ. வீட்டுத் தேக்கரண்டி வேற அளவு. கரைச்சதைப் பின்னேரம் வரைக்கும் லொக்கரில மூடி வைக்கவும் வேண்டாம், இந்த வெக்கைக்குக் கெட்டுப்போகும். காசு முட்டெண்டால் எத்தினை தரம் குடுக்கிறதெண்டதைப் போசாக்கு டொக்டரிட்டக் கேட்டுக் குறையுங்கோ, மிச்சத்தைப் பால்கஞ்சியால நிரப்பலாம்.

வாற கிழமை நிறுக்கேக்க அதே தராசு, விடிய, ஒண்டுக்குப் போனாப் பிறகு. வீக்கம் வத்துற நாளில நிறை இன்னும் எப்பன் இறங்கிக் காட்டும், அதுக்குப் பயந்து அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. சின்னவன், ரின் அனுப்பிறதெண்டால் அந்தச் சீனி வருத்தக்காரரின்ர மாவின்ர பேரைப் பிள்ளையிட்டக் கேட்டு அதையே வாங்குங்கோ, திகதியையும் பாத்து.