கார் வைத்திருப்பதற்கு உண்மையில் என்ன செலவாகிறது? உங்கள் கணக்கைப் பகிருங்கள்

தஞ்சாவூரிலிருந்து:

தங்கை மகன் கார் வாங்கப் போகிறான். "வாடகைக் காருக்குக் கிலோமீட்டருக்கு 14 ரூபாய் கேட்கிறார்கள் மாமா. சொந்தக் கார் என்றால் பெட்ரோலுக்கு ஆறு ரூபாய்தானே?" என்றான். அவனுக்காக, 2019 இறுதியில் வாங்கிய எங்கள் சிறிய பெட்ரோல் காரின் ரசீதுகளை எல்லாம் எடுத்துக் கூட்டினேன்.

ஷோரூம் விலை 6 லட்சம். ஆயுள் வரி அப்போது 10 சதவீதம், அதற்கு 60,000. (2023 நவம்பரில் இது உயர்ந்துவிட்டது. 5 முதல் 10 லட்சம் வரையிலான கார்களுக்கு இப்போது 13 சதவீதம்.) புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை (நம் வண்டியால் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும். பதிவுக் கட்டணமும் சேர்ந்து, வண்டி சாலைக்கு வந்தபோது 7 லட்சம் ஆகியிருந்தது. அதில் 5 லட்சம் கடன். 9 சதவீத வட்டி, ஐந்து ஆண்டுத் தவணை. வட்டியாக மட்டும் 1.23 லட்சம் கட்டியிருக்கிறோம்.

ஆறு ஆண்டுகளில் 48,000 கிலோமீட்டர் ஓடியது. பெட்ரோல் 2.85 லட்சம், சர்வீஸ் 45,000, டயர்களும் பேட்டரியும் 23,000, காப்பீட்டுப் புதுப்பிப்பு 60,000, சுங்கச்சாவடிகளில் 15,000.

எந்த ரசீதிலும் இல்லாத செலவுதான் எல்லாவற்றிலும் பெரியது. 2025 இறுதியில் விலை விசாரித்தபோது மூன்றரை லட்சத்துக்கு மேல் யாரும் கேட்கவில்லை. செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்து புதுக் காரின் விலையே இறங்கியதும் இதற்கு ஒரு காரணம். ஆக, மதிப்பில் மட்டும் 3.5 லட்சம் போய்விட்டது. எல்லாம் சேர்த்தால் 9.01 லட்சம், அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 19 ரூபாய். பெட்ரோல் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வாடகைக் காரில் திரும்பி வரும் தூரத்துக்கும் ஓட்டுநர் பேட்டாவுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும், உண்மைதான். ஆனால் மதிப்பிழப்பு, வட்டி, காப்பீடு ஆகிய மூன்றும் வண்டி ஓடினாலும் நின்றாலும் மாதத்துக்கு ஏறக்குறைய 7,400 ரூபாயை எடுத்துக்கொள்கின்றன. மாதம் இரண்டு முறை கும்பகோணம் போய்வருவதற்காகக் கார் வாங்க நினைப்பவர்கள் இந்தத் தொகையை முதலில் எழுதி வைத்துக்கொண்டு யோசிக்க வேண்டும். தங்கை மகனுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன்.

சென்னை, வேளச்சேரியிலிருந்து:

நீங்கள் எழுதிய 7,400 ரூபாயோடு எங்கள் பகுதியில் நிறுத்துமிட வாடகையையும் சேர்க்க வேண்டும், ஐயா. அதற்கு மேல் மழைக்காலம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் குடியிருப்பின் தரைத்தளம் முழுவதும் தண்ணீர். வடிந்த பிறகு நான் சாவியைத் தொடவே இல்லை. இழுவை வண்டியை வரவழைத்துப் பணிமனைக்கு அனுப்பினேன். எதிர்வீட்டுக்காரர் வண்டி ஓடுகிறதா என்று பார்க்க ஸ்டார்ட் செய்தார். எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்திருந்ததால் உள்பாகங்கள் வளைந்துவிட்டன. வெள்ளச் சேதத்துக்கு அவரிடம் காப்பீடு இருந்தது. ஆனால் தண்ணீரோடு இயக்கியதால் வந்த எஞ்சின் சேதம் அதில் அடங்காது என்று நிறுவனம் மறுத்துவிட்டது. எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுத்திருந்தால் கிடைத்திருக்க வாய்ப்புண்டு. சில ஆயிரம் ரூபாய்தான். அந்த மனிதர் ஏற்கெனவே வீட்டுப் பொருள்களை இழந்து நின்றார், அதனால்தான் இன்னும் மனம் ஆறவில்லை.

இன்னொன்று. சாதாரண முழுக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலைதான் தருவார்கள். இன்றைய கார்களின் பம்பர் எல்லாமே பிளாஸ்டிக். தேய்மானக் கழிவு இல்லாத பாலிசியா என்று கேட்டு வாங்குங்கள்.

திருநெல்வேலியிலிருந்து:

அண்ணன்கள் சொல்வது சரி. என் கார் ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை. உங்கள் கணக்குப்படி எனக்குக் கிலோமீட்டருக்கு 19 ரூபாயைத் தாண்டும். இருந்தும் விற்க மாட்டேன். அம்மாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். முதல் ஷிஃப்டுக்கு விடியுமுன்னே புறப்பட வேண்டும். அந்த நேரத்தில் வாடகை வண்டிகள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் ரத்து செய்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன். ஊசி போட்ட கையைத் தாங்கிக்கொண்டு அம்மா தெருவில் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. ஆகவே செலவைக் குறைக்கும் வழிகளைத்தான் தேடினேன். ஐந்து ஆண்டுகள் இழப்பீடு கோராததால், சொந்தச் சேதப் பிரிமியத்தில், அதாவது நம் வண்டியின் சேதத்துக்காகக் கட்டும் காப்பீட்டுக் கட்டணத்தில், எனக்கு 50 சதவீதத் தள்ளுபடி கிடைக்கிறது. அதனால் கதவில் கீறல் விழுந்தபோது கைக்காசைக் கொடுத்தே சரிசெய்தேன். இந்தத் தள்ளுபடி உரிமையாளருக்கு உரியது, வண்டிக்கு அல்ல. தஞ்சாவூர் அண்ணன் காரை விற்பதாக இருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் இதற்கான சான்றிதழைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளுக்குள் எடுக்கும் அடுத்த வண்டிக்கு அதைப் பயன்படுத்தலாம்.